வியர்ட் ஆல் யாங்கோவிச்: நிஜமாவே திறமையா, இல்ல அடுத்தவர் மெட்டுல ஓசிச் சவாரியா?

தெற்குக்காற்று:
இங்க ஆங்கிலப் பாட்டு கேக்கறவங்க நிறைய பேர் இருக்கீங்க, அதனால சுத்தி வளைக்காம கேட்டுடறேன். ஹிட் பாட்டுகளோட வரியை மாத்திக் கிண்டலா பாடற வியர்ட் ஆல் யாங்கோவிச்சை அமெரிக்கா நாப்பது வருஷத்துக்கு மேல தலைமேல வச்சுக் கொண்டாடுது. 5 கிராமி. 2018-ல ஹாலிவுட் நடைபாதையில நட்சத்திரம். 2022-ல டேனியல் ராட்கிளிஃப் அவரா நடிச்சு ஒரு படமே வந்துடுச்சு. எனக்கு அந்த ஆள் எங்க சிரிப்பு காட்டறார்னே பிடிபடல.

‘பீட் இட்’ ஹிட்டானா ‘ஈட் இட்’. ‘பேட்’ வந்தா ‘ஃபேட்’. மடோனாவோட ‘லைக் எ வர்ஜின்’ வந்தா ‘லைக் எ சர்ஜன்’. தலைப்பைப் படிச்ச உடனே ஜோக் தீர்ந்துபோச்சு. மிச்சம் மூணு நிமிஷம் எதுக்கு? முதல் ரெண்டுலயும் மெட்டு மைக்கேல் ஜாக்சனோடது, தாளக்கட்டு அவரோடது, அந்தப் பாட்டு மேல ஜனங்களுக்கு ஏற்கனவே இருக்கற பிரியமும் அவரோடது. பாதிக்குப் பாதி சாப்பாட்டு ஜோக் வேற. பத்து வயசுப் பையன் சிரிப்பான், சரி. பெரியவங்க ஏன் இதை மேதைமைன்னு சொல்றாங்க? தெரிஞ்சவங்க விளக்குங்க. சும்மா வம்புக்குக் கேக்கல.

சிறுகுறிப்பு:
எனக்கும் சிரிப்பு வந்ததில்லை. குரலே ஒத்துக்கல. அவ்வளவுதான்.

ஆறுகட்டை:
தெற்குக்காற்று, ‘தாளக்கட்டு ஜாக்சனோடது’ன்னு சொல்லிட்டு நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க. அங்கதான் நிக்கணும்.

அசல் பாட்டோட டிராக்கை வாங்கி மேல குரலை மட்டும் ஒட்டற வேலை இல்லை இது. ஒவ்வொரு பாட்டையும் அவரோட பேண்டு முதல்லேர்ந்து திரும்ப வாசிச்சுப் பதிவு பண்ணுது. டிரம்ஸ் ஜான் ஷ்வார்ட்ஸ், பேஸ் ஸ்டீவ் ஜே, கிடார் ஜிம் வெஸ்ட். இந்த மூணு பேரும் 80-களோட ஆரம்பத்துலேர்ந்து கூடவே இருக்காங்க. கீபோர்டு ரூபன் வால்டியெரா 1991-லேர்ந்து. இந்த நாலு பேர் மைக்கேல் ஜாக்சன் மாதிரி வாசிக்கணும், நிர்வாணா மாதிரி வாசிக்கணும், ராப்புக்கும் பீட் போடணும், ஃபாரல் மாதிரியும் குதிக்கணும். கச்சேரியில இதையெல்லாம் ஒரே ராத்திரியில அடுத்தடுத்து வாசிக்கணும். நான் மேடையில கீபோர்டு வாசிக்கறவன். ஒரு பாட்டோட ஸ்னேர் டிரம் சத்தத்தை அசல் மாதிரியே கொண்டுவர எவ்வளவு நேரம் உட்காரணும்னு எனக்குத் தெரியும்.

‘ஈட் இட்’ல வர்ற கிடார் சோலோவையே எடுத்துக்குங்க. அசல்ல வாசிச்சது எடி வான் ஹேலன். இங்க வாசிச்சது, ஆலோட முதல் ஆறு ஆல்பத்துக்கும் தயாரிப்பாளரா இருந்த ரிக் டெரிஞ்சர். சோலோ உச்சத்துக்குப் போய்க் கடைசியில வெடிச்சே போயிடும், குண்டு போட்ட சத்தத்தோட. அந்த வெடி வேடிக்கையா இருக்கறதுக்குக் காரணம், அதுவரைக்கும் டெரிஞ்சர் ஒரு இடத்துலகூட அசட்டையா வாசிக்கல. நிஜமான ராக் சோலோவை நிஜமா வாசிச்சாத்தான் கடைசி வெடிக்கு அர்த்தம்.

வரிகளும் அப்படித்தான். ‘ஒயிட் அண்ட் நெர்டி’ கேளுங்க (2006). அசல் கமிலியனேர் பாடின ‘ரைடின்’. போலீஸ் தன் வண்டியையே குறிவச்சுத் துரத்துதுன்னு ஒருத்தன் கோபமா, படபடன்னு கொட்டற ராப். ஆல் அதே வேகத்துல, அதே மூச்சுப் பிடிப்புல, பை எண்ணை ஆயிரம் தசம தானம் வரைக்கும் தெரிஞ்சு வச்சிருக்கற படிப்பாளிப் பையனைப் பாட வைக்கறார். அசை எண்ணிக்கை தப்பல, அழுத்தம் விழற இடம் தப்பல, வரிக்குள்ள வர்ற எதுகைகூட தப்பல. கமிலியனேரே இவர் இவ்வளவு நல்லா ராப் பண்ணுவார்னு எதிர்பார்க்கலன்னு வியந்து சொல்லியிருக்கார். அமெரிக்காவோட பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல 9-ஆம் இடம். ஆலோட பாட்டுகள்ல அதைவிட மேல போனது எதுவும் இல்லை.

நெடுஞ்சாலை:
ஆறுகட்டை சார் சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். தெற்குக்காற்று ஆலோட ஒரு பாதியைத்தான் கேட்டிருக்கார். ஒவ்வொரு ஆல்பத்துலயும் ஏறத்தாழ பாதி, எந்தப் பாட்டோட மெட்டையும் எடுக்காத சொந்தப் பாட்டுகள். அதுல நிறைய, ஒரு கலைஞரோட பாணியை மட்டும் எடுத்துக்கிட்டு அவர் எழுதவே எழுதாத புதுப் பாட்டை எழுதறது. இதுல ஓசிச் சவாரிங்கற பேச்சுக்கே இடமில்லை, ஏன்னா ஏறிப் போக மெட்டே கிடையாது.

‘டேர் டு பி ஸ்டுபிட்’ 1985-ல வந்தது. டீவோ பேண்டோட பாணி. அதைக் கேட்டு டீவோவோட மார்க் மதர்ஸ்பா அதிர்ந்துபோனார். தான் கேட்டதுலயே ரொம்ப அழகானது இதுதான், இந்த ஆள் அதை வேற ஒண்ணா செதுக்கி வச்சிருக்கார், அதனாலயே அவர் மேல கோபம்னு சொன்னார். டோர்ஸ் பாணியில ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ (2009) பண்ணினப்போ கீபோர்டு வாசிச்சது ரே மன்சாரெக், டோர்ஸோட அசல் கீபோர்டுக்காரர். ஃபிராங்க் சாப்பா பாணியில பண்ணின ‘ஜீனியஸ் இன் ஃபிரான்ஸ்’ல கிடார் வாசிச்சவர் சாப்பாவோட மகன் டுவீஸில். அந்தந்த வீட்டுக்காரங்களே வந்து வாசிக்கறாங்கன்னா, வெறும் கேலின்னா அவங்க வருவாங்களா?

எனக்கு ரொம்பப் பிடிச்சது ‘மிஷன் ஸ்டேட்மென்ட்’ (2014). கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ் பாணி. அந்த மூணு குரல் ஒண்ணா இழையறது 60-களோட ஹிப்பி கனவுக்கே அடையாளம். அதே இழைவுல, அதே உருக்கத்துல ஆல் பாடறது என்னன்னு பார்த்தா, கம்பெனி மீட்டிங்ல பேசற வெத்து மேலாண்மைப் பேச்சு. அர்த்தமே இல்லாத பெரிய பெரிய வார்த்தைகள், தேவகானம் மாதிரி. அந்தத் தலைமுறை எங்க ஆரம்பிச்சு எங்க போய் முடிஞ்சதுன்னு ஒரு வரிகூட விளக்கம் சொல்லாம காட்டிடறார். இதுல சாப்பாட்டு ஜோக் இல்லை, எழுத்து மாத்தற வித்தை இல்லை. இதைப் பத்தி என்ன நினைக்கறீங்கன்னு சொல்லுங்க.

தெற்குக்காற்று:
ரெண்டு பேருக்கும் நன்றி. ஆனா என் கேள்விக்கு இன்னும் பதில் வரல. நீங்க சொல்றது எல்லாம் உழைப்பைப் பத்தி. அசை தப்பல, சத்தம் அப்படியே இருக்கு, அசல் கலைஞர் வந்து வாசிச்சார். ஒத்துக்கறேன், அதெல்லாம் வித்தைதான். வித்தையைப் பார்த்தா ‘அடேங்கப்பா’ன்னு வரும். ‘அடேங்கப்பா’ வேற, சிரிப்பு வேற. சர்க்கஸ்ல கம்பி மேல நடக்கறவரை நான் மதிக்கறேன், ஆனா அவரைப் பார்த்துச் சிரிக்கறதில்லை. மிமிக்ரி கலைஞரை நகைச்சுவையாளர்னு சொல்லணும்னா குரல் ஒத்துப்போறது மட்டும் போதாது.

கரும்பலகை:
தெற்குக்காற்று பிரிச்சது சரியான பிரிவு. அதனால் வார்த்தையை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். ஆலின் பெரும்பாலான ஆல்பங்களில் ஒரு போல்கா (துள்ளலான ஐரோப்பிய நடன இசை) கதம்பம் இருக்கும். 1984-இல் ‘போல்காஸ் ஆன் 45’-இல் தொடங்கிய வழக்கம். அந்தந்தக் காலத்து ஹிட் பாடல்களின் துண்டுகளை வரிசையாகக் கோத்து, அக்கார்டியனோடு (துருத்தியை இழுத்து வாசிக்கும் கட்டை வாத்தியம்) போல்கா தாளத்தில் பாடுவார். கவனியுங்கள், வரிகளை மாற்றுவதில்லை. மெட்டையும் பெரிதாக மாற்றுவதில்லை. ஒரு ஜோக்கும் எழுதப்படவில்லை. மாறுவது தாளமும் வேகமும் வாத்தியமும் மட்டும்தான்.

1996-இல் வந்த ‘தி ஆல்டர்நேட்டிவ் போல்கா’வை எடுத்துக்கொள்ளுங்கள். பெக், சவுண்ட்கார்டன், நைன் இஞ்ச் நெய்ல்ஸ், அலானிஸ் மோரிசெட், ஸ்மாஷிங் பம்கின்ஸ். 90-களில் ‘நாங்கள் எவ்வளவு வலியில் இருக்கிறோம் தெரியுமா’ என்று உலகத்துக்கே சொன்னவர்கள். நைன் இஞ்ச் நெய்ல்ஸின் ‘குளோசர்’ அசலில் இருட்டில் ஊர்ந்து வருவதுபோல் இருக்கும். அதே வரி இங்கே இரண்டு தட்டுத் தாளத்தில், பேஸ் ‘உம்’ என்க, அக்கார்டியன் ‘பா’ என்க, கல்யாண வீட்டு ஆட்டம்போல் துள்ளிக்கொண்டு வருகிறது. கெட்ட வார்த்தை வரும் இடத்தில் கார்ட்டூன் படச் சத்தம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் மகளுக்கு அசல் பாடல் எதுவும் தெரியாது. அவளும் சிரித்தாள், தாளத்துக்காக மட்டும்.

சிரிப்பு எங்கிருந்து வருகிறது? அந்தப் பாடல்களின் சோகத்தில் எவ்வளவு வரிகளில் இருந்தது, எவ்வளவு அந்த மெதுவான வேகத்திலும் கிடாரின் கரகரப்பிலும் இருந்தது என்பது சட்டென்று தெரிந்துவிடுகிறது. இசைக்குள் இருக்கும் பாவனையை இசையைக் கொண்டே உரித்துக் காட்டுகிறார். எழுத்தாளரால் இதைச் செய்ய முடியாது, மேடைப் பேச்சு நகைச்சுவையாளராலும் முடியாது. இசை தெரிந்த நகைச்சுவையாளரால்தான் முடியும். கம்பி மேல் நடப்பவர் விழாமல் இருப்பதற்காகக் கைதட்டல் வாங்குகிறார். இவருடைய சிரிப்பு துல்லியத்திலேயே இருக்கிறது. துல்லியம் குறைந்தால் சிரிப்பு போய்விடும். அதனால் திறமை தனி, நகைச்சுவை தனி என்று இவரிடம் பிரிக்க முடியாது என்பது என் கருத்து.

நெடுஞ்சாலை:
கரும்பலகை அக்கா, அருமை. 1993-ல ‘பொஹீமியன் ராப்சடி’ முழுசையும் போல்காவா பண்ணினதையும் சேர்த்துக்குங்க.

வெண்பாப்பிரியை:
‘பாப்’ என்ற பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 2003-இல் வந்தது, பாப் டிலன் பாணி. மூக்கால் பாடும் குரல், ஹார்மோனிகா, கிடார். வரிகள் டிலனுடையவை போலவே ஏதோ ஆழமான ரகசியத்தைச் சொல்வதுபோல் இருக்கும். உண்மையில் ஒவ்வொரு வரியும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. தலைப்பும் அப்படியே. நம் மாலைமாற்று. திருஞானசம்பந்தர் தேவாரத்தில் திருமாலைமாற்று என்று ஒரு பதிகமே இருப்பதால் இந்த வகை எவ்வளவு கடினம் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதிலும் இவர் எதுகையும் விடவில்லை, டிலனின் சந்தத்தையும் விடவில்லை.

ஆனால் தெற்குக்காற்று கேட்பார், இதில் சிரிப்பு எங்கே என்று. டிலனின் புரியாத வரிகளுக்கு ஆளாளுக்கு உரை எழுதுகிறார்கள். இங்கே எழுத்துகளின் வரிசை மட்டுமே தீர்மானித்த, பொருளே இல்லாத வரிகள் அதே குரலில் வரும்போது நம் மனம் தானாகவே பொருள் தேடப் போகிறது. நாம் தேடுவதை நாமே பிடித்துக்கொள்கிறோம். காணொளியும் டிலனின் பழைய படக்காட்சியைப் போலவே ஒரு சந்தில், கையில் அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டிக் கீழே போட்டபடி.

சிறுகுறிப்பு:
மாலைமாற்று விஷயம் தெரியாது. அதைக் கேட்டுப் பார்க்கிறேன். குரல் இன்னும் ஒத்துக்கல.

பழையரேடியோ:
நண்பர்களே, வரலாற்றை விட்டுட்டு இந்தக் கேள்விக்குப் பதில் முழுசா வராது. பகடிப் பாட்டுக்காரங்க அமெரிக்காவுல இவருக்கு முன்னாடியும் உண்டு. ஆலன் ஷெர்மன் 1962, 63-ல மூணு ஆல்பத்தை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர். ரெண்டு மூணு வருஷத்துல மவுசு போச்சு. 1973-ல காலமானார். பகடிப் பாட்டு அப்படித்தான், ஒரு சீசன் ஓடும், அப்புறம் ஆள் காணாமப் போயிடுவார். ஷெர்மனோட 1963 ஆல்பத்துக்கு அப்புறம் எந்த நகைச்சுவை ஆல்பமும் ஆல்பங்களுக்கான பில்போர்டு 200 வரிசையில முதலிடம் போகல. 2014-ல ஆலோட ‘மேண்டட்டரி ஃபன்’ போச்சு. நடுவுல 51 வருஷம்.

எப்படித் தாக்குப்பிடிச்சார்? ஆரம்பத்தைப் பாருங்க. ஏழு வயசு ஆகப்போற நேரத்துல அக்கார்டியன் வகுப்புக்குப் போறார். படிச்சது கட்டடக் கலை. ‘மை ஷரோனா’வை ‘மை பலோனி’ன்னு மாத்திக் கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிர்ல இருந்த கழிவறையில பதிவு பண்றார், எதிரொலி நல்லா கிடைக்கும்னு. 1980 செப்டம்பர்ல டாக்டர் டிமென்டோ வானொலி நிகழ்ச்சியில ‘அனதர் ஒன் ரைட்ஸ் தி பஸ்’ஸை நேரலையில வாசிக்கறார். வாத்தியம் ஒரே ஒரு அக்கார்டியன். டிரம்ஸ் கிடையாது, அன்னைக்குத்தான் பழக்கமான ஷ்வார்ட்ஸ் அக்கார்டியன் பெட்டியைத் தட்டித் தாளம் போடறார். குயீன் பேண்டோட அத்தனை கம்பீரமான பேஸ் பாட்டு, கூட்டத்துல பிதுங்கற பஸ்ஸா மாறிடுது. அதைக் கேட்டுட்டு, வெறும் எழுத்து மாத்தற வேலைன்னு சொல்லுங்க பார்ப்போம்.

அப்புறம் 80-கள், 90-கள், 2000-கள், 2010-கள்னு நாலு பத்தாண்டுலயும் ஹாட் 100-ல முதல் 40-க்குள்ள ஒரு பாட்டாவது வந்திருக்கு. இவர் கிண்டல் பண்ணின நட்சத்திரங்கள்லயே பல பேருக்கு அது வாய்க்கல. மெட்டை மட்டும் நம்பி ஓடியிருந்தா அந்த மெட்டோடயே போயிருப்பார்.

இன்னொண்ணு. யூடியூப் வந்ததுக்கு அப்புறம் எந்த ஹிட் வந்தாலும் அடுத்த நாளே யாராவது பகடி போட்டுடறாங்க. ஆல் அனுமதி வாங்கி, பதிவு பண்ணி, ஆல்பமா வர்றதுக்குள்ள பாட்டு பழசாயிடும். வேகத்துல ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் தரத்தை விடல. ‘மேண்டட்டரி ஃபன்’ காணொளிகளுக்கு இசைக் கம்பெனி பணம் தராதப்போ வெவ்வேற இணையதளங்களோட சேர்ந்து 8 நாள்ல 8 காணொளி விட்டார். முதலிடம் வந்தது அப்படித்தான்.

கரும்பலகை:
அனுமதி என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது அவருடைய நகைச்சுவையின் குணத்தோடு சேர்ந்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994-இல் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் வழக்கில், காசுக்காகச் செய்தாலும் பகடி நியாயமான பயன்பாட்டுக்குள் (அனுமதி இல்லாமலே பயன்படுத்தச் சட்டம் தரும் விலக்கு) வரலாம் என்று சொன்னது. ஆனால் அங்கே ஒரு நுட்பமான கோடு உண்டு. அசல் பாட்டையே கிண்டல் செய்தால் பாதுகாப்பு அதிகம்; அசல் மெட்டை வைத்து வேறெதையோ கிண்டல் செய்தால் குறைவு. ‘ஈட் இட்’ இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ‘ஸ்மெல்ஸ் லைக் நிர்வாணா’ (1992) முழுக்க முதல் வகை. நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேன் பாடுவது ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பதுதான் பாட்டே. வாயில் கோலிக்குண்டை அடைத்துக்கொண்டதுபோல் குழறுவார். கிடார் சோலோ வரும் இடத்தில் தண்ணீரைத் தொண்டையில் வைத்துக் கொப்பளித்தே அந்த மெட்டைப் பாடுவார், சுருதி விலகாமல்.

சட்டம் எப்படி இருந்தாலும் அவர் அசல் கலைஞரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். கோபேனிடம் தொலைபேசியில் கேட்டபோது, சாப்பாட்டைப் பற்றிய பாட்டா என்று கோபேன் கேட்டாராம். பிரின்ஸ் கடைசிவரை சம்மதிக்கவில்லை, அவர் பாட்டைத் தொடவில்லை. பால் மெக்கார்ட்னி சைவர் என்பதால் கோழிக்கறி பற்றிய பாட்டு வேண்டாம் என்றார், விட்டுவிட்டார். ‘ஆமிஷ் பேரடைஸ்’ (1996) விஷயத்தில் இசைக் கம்பெனி சரி சொல்லியிருந்தது, அசல் பாட்டைப் பாடிய கூலியோ, தான் சம்மதம் சொல்லவில்லை என்று கோபப்பட்டார். அதற்குப் பிறகு கலைஞரிடமே நேரடியாகப் பேசுவதை ஆல் வழக்கமாக்கிக்கொண்டார். பின்னாளில் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள். யாரையும் காயப்படுத்தாமல் சிரிக்க வைப்பது சுலபமில்லை. நான் அவரை மதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தெற்குக்காற்று:
‘யாரையும் காயப்படுத்தாமல்’ங்கறதை அப்படியே விட முடியாது, மன்னிக்கணும். ‘ஃபேட்’ காணொளியில உடம்பு பெருத்தவரா வேஷம் போட்டு ஆடறார், அந்த உடம்புதான் ஜோக். குண்டா இருந்த பள்ளிப் பையனுக்கு அந்தப் பாட்டு என்ன பண்ணியிருக்கும்? ‘வேர்ட் கிரைம்ஸ்’ல மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தற ஒரு சொல்லைப் போட்டு, 2014-ல அவரே மன்னிப்புக் கேட்டார். அசல் கலைஞர்கிட்ட அனுமதி வாங்கினாப் போதுமா? யாரை வச்சு ஜோக்கோ, அவங்ககிட்ட யார் கேட்டா?

ஆறுகட்டை:
‘ஃபேட்’ விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அந்தப் பாட்டை நான் இப்போ போடறதே இல்லை. ஆனா அந்தச் சொல்லைப் பத்தி, சுட்டிக்காட்டின உடனே, அது அவ்வளவு புண்படுத்தும்னு தெரியாதுன்னு சொல்லி, சப்பைக்கட்டு கட்டாம வருத்தம் தெரிவிச்சார்.

பழையரேடியோ:
1988-ல அந்த மாதிரி வேஷம் பல படங்கள்லயும் இருந்தது. அதுக்காகச் சரின்னு சொல்லல. ஒருத்தரோட நாப்பது வருஷ வேலையை அந்த ஒரு பாட்டால எடை போட வேண்டாம்.

தெற்குக்காற்று:
சரி. ரெண்டு நாளா நீங்க சொன்னதெல்லாம் கேட்டேன். ‘மிஷன் ஸ்டேட்மென்ட்’ நிஜமாவே கூர்மை. எங்க ஆபீஸ்ல அப்படியே பேசறாங்க. போல்கா கதம்பத்துல சிரிச்சேன். சாப்பாட்டுப் பாட்டுகள் பத்தி என் அபிப்பிராயம் மாறல. அதை வச்சு அவரை மேதைன்னு சொல்றதை ஏத்துக்க மாட்டேன். இப்போ என் கேள்வி வேற: பிரபலமான மெட்டு எதுவுமே இல்லாம மேடையேறினா இந்த மனுஷன் கூட்டத்தைப் பிடிச்சு வைப்பாரா?

நெடுஞ்சாலை:
அதை அவரே பண்ணிக் காட்டிட்டார். 2018-ல ஒரு சுற்றுப்பயணம். ‘ஈட் இட்’ வேஷம் கிடையாது, பெரிய திரை கிடையாது, உடை மாத்தறது கிடையாது. அஞ்சு பேரும் சின்ன அரங்குகள்ல முக்காலி போட்டு உட்கார்ந்து, பெரும்பாலும் அவரோட சொந்தப் பாட்டுகளையும் பாணிப் பாட்டுகளையும் நம்பி வாசிச்சாங்க. பயணத்துக்கு வச்ச பேர்லயே ‘இது யாரும் கேக்காத ஆசை’ங்கற மாதிரி எச்சரிக்கை வச்சிருந்தார். அரங்கு நிறைஞ்சது.

அந்த வகையில ‘ஆல்பகர்க்கி’ கேளுங்க (1999). 11 நிமிஷத்துக்கு மேல. ஒரு ஆள் சம்பந்தா சம்பந்தம் இல்லாம கதை சொல்லிக்கிட்டே போவான். நடுவுல டோனட் கடைக்குப் போய் ஒவ்வொரு வகையா இருக்கான்னு கேப்பான், ஒவ்வொண்ணுக்கும் இல்லைன்னு பதில் வரும். கச்சேரியில அந்தப் பட்டியலை இஷ்டத்துக்கு நீட்டுவார். போதாக்குறைக்கு, எங்க விட்டேன்னு மறந்துபோச்சுன்னு சொல்லிட்டு முதல்லேர்ந்து ஆரம்பிப்பார்.

சிறுகுறிப்பு:
அதுல டோனட் வருது. சாப்பாட்டு ஜோக் கணக்குல வரும்.

தெற்குக்காற்று:
வரும்தான். ஆனா இங்க சிரிப்பு டோனட்ல இல்லை, கேக்கறவனோட பொறுமையில இருக்கு. நேத்து ராத்திரி கேட்டேன். அஞ்சாவது நிமிஷத்துல நிறுத்திடலாம்னு நினைச்சேன், அந்த டோனட் கடையில மாட்டிக்கிட்டேன். அவர் வாசிக்கற பேண்டு ஒரு நொடிகூட தளராம பின்னாடி இடிச்சுக்கிட்டே இருக்கு, அதான் ஆளை எழுந்திருக்க விடல. கச்சேரிப் பதிவு நல்லதா இருந்தா யாராவது சொல்லுங்க, முதல்லேர்ந்து ஆரம்பிக்கற இடத்துல அரங்கத்துல என்ன சத்தம் வருதுன்னு கேக்கணும்.